இரண்டு விரற்கடை தாழ்த்திய சீட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் வேலையும் உன் அறைத் தோழியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் இடது மணிக்கட்டை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். பதறாதே, வீக்கம் வடிந்துவிட்டது, கட்டு அவிழ்த்து நாலு நாள் ஆகிறது, நேற்று அந்தக் கையாலேயே என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அதனால் தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாம். உன் கடிதம் போன வாரம் வந்தது. வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் போய் அலுத்துவிட்டது, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் கிடைக்கும், அப்பா கோபப்படுவீர்கள் என்று தெரியும், ஆனாலும் உங்களிடம் மறைத்து வாங்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏன் என்றால் ஏழு மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான். உன் அம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் கீழே விழுந்தாள். எழுந்து இப்போதும் ஓட்டுகிறாள். உனக்கு வண்டியே கூடாது என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான்தான் அவளையும் சொல்ல விடாமல் தடுத்து வைத்திருந்தேன். இனி அந்தப் பாரம் எனக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

அம்மா வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்களைக் கூட்டிப்போக ஒரு வேன் இருந்தது உனக்குத் தெரியும். அந்த வேனை நிறுத்திவிட்டார்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டு வேலையைத் தொடரலாம், மற்றவர்கள் உள்ளே இடம் காலியாகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். உள்ளே எந்தக் காலத்தில் இடம் காலியாவது? அம்மா என்னிடம் வேன் நின்றதை மட்டும் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "பாத்துக்கறேங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்று அர்த்தம், இது இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு ஒவ்வொரு தடவையும் பிறகுதான் உறைக்கும். அடுத்த ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனாள். நேரம் மாற்றிவிட்டார்கள் என்றாள், நானும் நம்பினேன். உண்மையில், அந்த வேனை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரைப் பிடித்து, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளிலேயே கிளட்ச்சும் கியரும் பழகிக்கொண்டிருந்தாள். உரிமம்கூட முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். அவளோடு தேர்வுக்கு நின்ற இளவட்டப் பையன்கள் மூன்று பேர் எட்டு போடும்போது காலை ஊன்றினார்களாம், இவள் ஊன்றவில்லையாம். இதை எனக்கு இதுவரை பத்து முறையாவது சொல்லியிருப்பாள், நான் இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நம் சீட் உறைக் கடையிலிருந்து நாலு ஷட்டர் தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறாரே, எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவதால் எல்லோரும் 'காது' என்று கூப்பிடுவார்களே, அவர் ஒருநாள் பகலில் ஒரு பழைய சீட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ரெக்சின் கிழிந்து உள்ளே ஃபோம் ஊறி ஒரே பாசி நாற்றம். "அண்ணே, புது உறை போடணும், உயரத்துல ரெண்டு விரற்கடை குறைக்கணும், ஓட்டறவங்களுக்குக் கால் சரியா தரையில எட்டல" என்றார். யார் வண்டி என்று கேட்டேன். ஒரு கஸ்டமர் என்று சொல்லிக்கொண்டே தெருவைப் பார்த்தார். ஆள் என்ன உயரம் என்று கேட்டேன், தன் மூக்குக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் தனி உற்சாகம். வெறுமனே ஃபோமைச் சீவிவிட்டால் அடித்தகரம் இடுப்பில் இடிக்கும், பத்து மைல் போனால் எழுந்து நிற்க முடியாது. அதனால் கீழே கெட்டி ஃபோமும் மேலே மெதுவான ஃபோமும் வைத்து ஒட்டி, முன்பக்கத்தை ஒடுக்கி, தொடை உரசுகிற இரண்டு ஓரத்தையும் சரித்துச் செதுக்கினேன். அப்படிச் செய்தால் கால் நேராக இறங்கும், இரண்டு விரற்கடை குறைத்தால் மூன்று குறைந்த மாதிரி இருக்கும். உறையிலும் வழுக்காத துணியாகப் பார்த்துப் போட்டேன். யாரோ முகம் தெரியாத ஒருவருக்காக இரண்டு நாள் மெனக்கெட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே உன் அம்மா வேலை உடுப்போடு கடைக்குள் வந்து நின்றாள். "சீட் ரெடியாங்க?" என்றாள். எந்த சீட் என்றேன். "ரெண்டு விரற்கடை" என்றாள். அவளுக்குப் பின்னால் 'காது' நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று நாள் நான் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோ எதுவும் நடக்காதது போல எனக்கு டீயும் கொடுத்து, எதிரே உட்கார்ந்து வண்டியின் கதையையும் சொன்னாள். ஒரு பாட்டு வாத்தியார் ஊர் மாறிப் போகும்போது விட்டுப்போன வண்டியாம், தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வருஷம் நின்றதாம், சின்ன எஞ்சின், பெட்ரோல் குறைவாகக் குடிக்குமாம். ஸ்கூட்டராவது வாங்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன், அதுதான் என் மௌனம் உடைந்த இடம். "கல் குவாரிப் பக்கம் ரோடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. அந்தச் சின்னச் சக்கரம் குழியில இறங்கினா நான் அங்கேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்" என்றாள். அந்தப் பக்கத்து வீடுகளில்தான் நடக்க முடியாத வயசானவர்களும் மாசமான பெண்களும் அதிகம், பஸ்ஸும் கிடையாது, அவர்களை விட்டுவிட மாட்டேன் என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று கடைசியில் வாய்விட்டே சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நீயும் தெரிந்துகொள். "நீங்க பயப்படுங்க, நான் ஓட்டறேன். ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்."

அதன் பிறகு அவள் அந்த வண்டிக்குச் செலவு செய்த விதத்தைப் பார்த்துத்தான் என் வாய் மெல்ல மெல்ல அடங்கியது. பெயின்ட் உரிந்து கிடந்தது, தொட்டி நசுங்கி இருந்தது, 'காது' குறைந்த செலவில் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். முதலில் இரண்டு டயரும் டியூபும் புதிதாக, பிறகு இரண்டு பக்கத்து பிரேக் கட்டையும், பிறகு செயினும் பற்சக்கரங்களும் சேர்த்து, பிறகு விளக்கு வயர், பழைய எண்ணெயை வடித்துப் புதுசு. அதோடு கை நின்றது. தெருவில் பழைய இரும்பு வருகிறது என்று ஒருவர் கேலி செய்தார், அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வேலையும் நடக்கும்போது 'காது' பக்கத்தில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அது எதற்கு இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். அவர் என்னிடம் வந்து, "அண்ணே, அண்ணி கேக்கற கேள்விக்கு நான் சர்வீஸ் சார்ஜை வாங்கறதா, டியூஷன் ஃபீஸை வாங்கறதா?" என்றார். இப்போது செயின் தளர்ச்சியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து இறுக்குவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, கிளட்ச் வயருக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவளே. வாரம் ஒரு நாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு செயினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் வாரம் என் பிரஷ்ஷைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினேன். "அது பழசாயிடுச்சுங்க" என்றாள். வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

உடம்புக்குப் போட்டுக்கொள்ளும் சாமான்களில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. ஹெல்மெட் நல்லதாகப் புதிதாக வாங்கினாள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. யாரோ போட்டது மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னபோது, அது ஏற்கெனவே விழுந்ததா இல்லையா என்று மேலே எழுதியா ஒட்டியிருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஜாக்கெட் விலையைக் கேட்டுவிட்டு இருவரும் கடையை விட்டு வெளியே வந்துவிட்டோம். மறுநாள் நான் மட்டும் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து உள்பக்கம் திருப்பி, எங்கே மடித்துத் தைத்திருக்கிறான், எத்தனை வரிசை, தோளில் துணி ஒற்றையா இரட்டையா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைப் பெண் ரொம்ப நேரம் பொறுத்துவிட்டு, "சார், நீங்க வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும் வைக்கிற தடுப்புகள் மட்டும் தனியாக விற்கும் பெட்டியைக் காட்டினாள். வெறும் ஃபோமை வைத்துத் தைத்து ஏமாந்துவிடாதீர்கள், அது அமுங்கி எலும்பை அடிக்க விட்டுவிடும், இது அடியை வாங்கிக்கொள்ளும் என்று விளக்கியும் சொன்னாள். அதை மட்டும் வாங்கி வந்து, லாரி சீட்டுக்குப் போடும் கெட்டிக் கான்வாஸில் தைத்தேன். விழுந்தால் தேயும் இடத்தில் எல்லாம் இரட்டைத் துணி, ஓரங்களை மடித்து நைலான் நூலில் மூன்று வரிசைத் தையல். முதல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அம்மா கையை மடக்க முடியாமல் கொடியில் காயப் போட்ட சட்டை மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து நிற்கும் ஆளுக்கு அளவெடுத்தது என் தப்பு. அவளை வண்டியில் உட்கார வைத்து, கை ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது மறுபடி அளவெடுத்து வெட்டினேன், கச்சிதமாக அமைந்தது. தொழிற்சாலைக்காரர்கள் போடும் முன்பக்கம் கெட்டியான பூட்ஸ் சந்தையில் சகாயமாகக் கிடைத்தது. கையுறையில்தான் நான் முரண்டு பிடித்தேன். உள்ளங்கையில் கெட்டித் தோல் வைத்த ஒரு ஜோடியை அவள் எடுத்தபோது, இது வெறும் ஆடம்பரம், ஸ்டைலுக்குப் போடுவது, கைக்கு என்ன ஆகிவிடும் என்று கடைக்குள்ளேயே சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே போய் வாங்கிவிட்டாள். அன்று நான் பேசியதை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

இனி அந்த விழுந்த கதை. அது ஒரு காலை வேளை, தூறல் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. குவாரிப் பக்கத்தில் ஒரு மாசமான பெண், இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. அம்மா அவளுக்கும் இன்னும் நாலு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே சரியில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டதாம், இருபத்து மூன்று வருஷ அனுபவம் அல்லவா. அவசரம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டியிருந்தாள், ஆனால் வண்டியை அவசரமாக ஓட்டவில்லை, அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், நானும் நம்புகிறேன். ஒரு வளைவில் லாரியிலிருந்து கொட்டிய பொடி ஜல்லி ஈரத்தோடு பரவிக் கிடந்தது. முன்சக்கரம் நழுவி, வண்டி இடது பக்கம் சாய்ந்து, அவள் குப்புற விழுந்து இரண்டு ஆள் நீளம் தேய்ந்துகொண்டே போனாள். பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து முதலில் விரல்களை மடக்கிப் பார்த்தாளாம், பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தாளாம், அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்தாளாம். என் கடை வேஸ்ட் ஃபோமில் ரத்தம் எடுத்த ஒவ்வொரு குழாயும் உட்காரத் துளை துளையாகக் குடைந்து கொடுத்திருந்தேன், ஒரு குழாய்கூட உடையவில்லை. வண்டியை நிமிர்த்தினாள். கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியை அவள் எப்போதும் மொத்த பலத்தோடு இறுக்க விடமாட்டாள், விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கட்டும் என்று 'காது' சொல்லிக் கொடுத்தது. அது அப்படியே மேலே சுழன்று நின்றது, கையால் திருப்பி வைத்தாள். சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளியே பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்டியை ஒப்படைத்தாள். ஒப்படைத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

நான் அப்போது ஒரு கார் சீட் உறையை மடியில் வைத்து ஊசியால் தைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "என்னங்க, தையல் ஒரு இடத்துலகூட பிரியல" என்பதுதான். எந்தத் தையல் என்று கேட்டேன். "ஜாக்கெட். விழுந்துட்டேன். ஒண்ணும் ஆகல, மணிக்கட்டு மட்டும் வலிக்குது" என்றாள். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன், கழுத்தில் அளவு டேப்பு தொங்கிக்கொண்டிருந்ததுகூடத் தெரியாமல் அவளுடைய நிலையத்துக்குள் போய் நின்றேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு சுளுக்கு, முழங்காலில் ஒரு கன்றிப்போன தடம், அவ்வளவுதான். அவள் மடியில் அந்தக் கையுறை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் தேய்ந்து தேய்ந்து கடைசிப் பட்டை மெல்லிசாக, ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஊசி பிடிக்கிற கை எனக்கு, நரம்பு தேடி ஊசி போடுகிற கை அவளுக்கு. அந்தக் கைக்கு என்ன ஆகிவிடும் என்று நான் கேட்டிருக்கிறேன். கையுறையைத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தேன். அவள் சொல்லிக்காட்டவில்லை, ஆறிவிடும் குடியுங்கள் என்று பாதி டீயை என்னிடம் நீட்டினாள். அந்த மாசமான பெண்ணின் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை அபாயகரமான அளவுக்குக் குறைந்திருந்ததாம், டாக்டர் உடனே போன் போட்டு அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இப்போது தாயும் நலம், வயிற்றில் இருப்பதும் நலம். சாயங்காலம் வரை காத்திருந்தால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கும் என்று டாக்டரே நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் உன் சித்தப்பா அண்ணியைப் பார்க்க வந்தான். உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றை இங்கேதான் எழுத வேண்டும். சித்தப்பா கால் ஏன் அப்படி இருக்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், வேகமாகப் போய் விழுந்துவிட்டான் என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் வேகமாகப் போகவில்லை. அது என் வண்டி. பின் டயர் மொட்டையாகிவிட்டிருந்தது, எனக்குத் தெரியும், அடுத்த மாதம் மாற்றலாம் அடுத்த மாதம் மாற்றலாம் என்று மூன்று மாதம் தள்ளினேன், நடுவில் அந்தப் பணத்தில் ஒரு ரேடியோவும் வாங்கினேன். மழைக்குப் பிறகு அவன் அதை எடுத்துக்கொண்டு போனான், பிரேக் பிடித்தான், வண்டி வழுக்கி அவன் கால்மேல் விழுந்தது. அன்று வண்டியை விற்றவன்தான் நான், பிறகு எந்த வண்டியையும் தொட்டதில்லை. நீ கல்லூரியில் சேர்ந்தபோது வண்டி கேட்டாய், நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்று கத்தினேன், நீ ஒரு வாரம் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்திருப்பாய். எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது என்மேல்தான். இதையெல்லாம் அன்று சித்தப்பாவிடமே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், சொல்லும்போது அவனுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அந்த டயர் மொட்டைன்னு எனக்குத் தெரியாதா அண்ணா? கண்ணால பாத்துட்டுத்தானே சாவியை எடுத்தேன். எடுத்துட்டுப் போன்னு நீங்களா சொன்னீங்க?" என்றான். பிறகு, "இருபத்தெட்டு வருஷமா இதையா வச்சுக்கிட்டு இருந்தீங்க? எனக்குக் கால்தான் வளைஞ்சுது, நீங்க மொத்த ஆளுமேல்ல வளைஞ்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய் அண்ணியின் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். சீட் நன்றாக இருக்கிறது என்றான். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு சேதி. வேன் நின்றதால் வீட்டில் உட்கார்ந்துவிட்ட நிலையத்தின் மற்ற ஐந்து பெண்களில் மூன்று பேர் இப்போது பழைய வண்டி வாங்கிவிட்டார்கள். எந்த வண்டியை எடுப்பது என்று அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவள் போய் நின்றாலே விற்கிறவர்கள் முகம் மாறுகிறது என்று 'காது' சொல்கிறார். அவர்களுக்கும் நான்தான் ஜாக்கெட் தைத்தேன், இப்போது அவர்கள் சொல்லி வேறு இடங்களிலிருந்தும் வருகிறார்கள், இந்த மாதம் சீட் உறையை விட ஜாக்கெட் வேலைதான் அதிகம். யாராவது வந்து இதைப் போட்டால் தாங்குமா என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. தேய்ந்துபோன அம்மாவின் அந்த ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். என் பெண்டாட்டி போட்டுக்கொண்டு விழுந்தது என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு வருகிறேன். நீ அனுமதி கேட்கவில்லை, நானும் கொடுக்க வரவில்லை, உன் பணம் உன் வேலை உன் வண்டி. தெரிந்ததைச் சொல்கிறோம், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களை விரலால் துடைத்துப் பார், எண்ணெய் ஒட்டினால் விலையில் பேசு. பின் சக்கரத்தில் செயினை வெளியே இழுத்துப் பார், பல்லுக்கும் செயினுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். காகிதத்தில் இருக்கும் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார், நீ கண்ணாடியைப் பையிலேயே வைத்துவிட்டு ஊகத்தில் படிப்பவள். கையில் இருப்பது மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே, மூன்றில் ஒரு பங்கை வண்டிக்கு அப்புறம் வரும் செலவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் என்ன கிடைக்கிறதோ அதை வாங்கு, அழுக்காக இருந்தால் பரவாயில்லை. டயர் இரண்டும் அப்பா செலவு, பணம் அனுப்பிவிட்டேன், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் நான் சும்மா இருக்க மாட்டேன். வெயில் அடிக்கிறது, பக்கத்தில்தானே போகிறோம் என்று ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கும் நாள் கட்டாயம் வரும், அன்றைக்கு அம்மாவின் கையுறையை நினைத்துக்கொள். இன்னும் ஒன்று, எங்கேயாவது விழுந்தால் எங்களிடம் சொல்லிவிடு. நாங்கள் மறைத்த மாதிரி நீ மறைக்காதே. நான் பயப்படுவேன், அது என் வேலை, நீ ஓட்டு.

ஜாக்கெட்டுக்கு அளவு அனுப்பு. உன் தோழியை எடுக்கச் சொல், நீயே எடுத்தால் சரி வராது. வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டியபடி, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை, முதுகில் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை. நிறம் எதுவானாலும் சொல், ஆனால் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்று கண்டிப்பாக வைப்பேன், அதில் பேரம் கிடையாது. வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, உன் தோழியைக் கேட்டதாகச் சொல். இதைத் தபாலில் சேர்க்க அம்மாவே எடுத்துக்கொண்டு போகிறாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, இன்னுமா முடியவில்லை என்று மூன்றாம் தடவை கேட்டுவிட்டாள். ஸ்டார்ட் பண்ணிய வண்டியையும் அணைத்துவிட்டாள், நான் எழுதும் வேகத்துக்கு அவள் பெட்ரோலை எரிக்க முடியாதாம். உன் பாதை எல்லாம் சீராக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு இருக்கும். அம்மாவும் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவை நீட்டினேன், கையுறையைக் கழற்ற நேரமில்லை, நீங்களே எழுதுங்கள் என்கிறாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவ நல்லா ஓட்டுவான்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் மேல் என்றும் மாறாத அன்போடு,
அப்பா